எனக்கும் அதுதான்

உச்சமுனை
09.04.2012

அன்புள்ள ஜெசி அக்காவுக்கு,

டொக்டர் என்னுடைய பைலைத் திறக்கும்போது அவர் வாயில் பிஸ்கட் இருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். கெட்ட செய்தி சொல்லப் போகிறவர் பிஸ்கட்டை மென்றுகொண்டு பைலைத் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கே பிறகு பயமாக இருந்தது.

நினைத்தது சரிதான் அக்கா. எனக்குப் புற்றுநோய் இல்லை.

நெஞ்சாஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தபோது, யாருக்கு முதலில் முடிவு தெரிகிறதோ அவர்தான் முதலில் எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டோம் அல்லவா, அதனால் வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன். முதுகால் ஊசி விட்டு எடுத்த சதையை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறார்கள். முதல் தடவை தெளிவாகத் தெரியாததால்தான் என்னை மறுபடியும் குத்தினார்களாம். காசமும் இல்லை, புற்றும் இல்லை. நுரையீரலில் எப்போதோ வந்த புண் ஒன்று ஆறாமல் வீங்கித் திரண்டு, கட்டி மாதிரி நிற்கிறதாம். படத்தை மட்டும் பார்த்தால் பெரிய டொக்டருக்கும் வித்தியாசம் தெரியாதாம். டொக்டர் சிங்களத்தில் சொல்ல, நர்ஸ் மிஸ் தமிழில் சொன்னார்.

வாப்பா நம்பவில்லை. "அப்ப இது என்ன மிஸ், படத்துல தேசிக்காய் மாதிரி உருண்டு நிக்கிது?" என்று கேட்டார்.

"தேசிக்காய்தான். குளிசையால கரைக்கலாம் என்டு டொக்டர் சொல்றார். கரையாட்டித்தான் வெட்டுறது."

வாப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடலில் புயலுக்கு அழாத மனிசன்.

ஒவ்வொரு நாளும் காலையில் சாப்பிட்ட பிறகு எட்டுக் குளிசை விழுங்க வேண்டும். மாதா மாதம் படம் எடுத்துப் பார்த்துக் குறைப்பார்கள். நானாக நிறுத்தவே கூடாது என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். முகம் ஊதுமாம், பசி எடுக்குமாம், அதற்குப் பயப்பட வேண்டாமாம்.

ஊருக்கு வந்ததுதான் வெட்கம். நான் மௌத்தாகப் போகிறேன் என்று போன மாதம் ஊரே வந்து என்னிடம் மாப்புக் கேட்டது. எங்கள் ஆட்கள் அப்படித்தான், போகப் போகிறவரிடம் முன்கூட்டியே மன்னிப்பு வாங்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஹவ்வா மாமி என் காலடியில் இருந்து, "என்ட கோழிய நீதான் அடிச்சண்டு சும்மா சும்மா ஏசினன் புள்ள, பொறுத்துக்க" என்று அழுதார். இன்று படகால் இறங்கும்போது அவர்தான் கரையில் நின்றார்.

"இல்லயாமா?"

"ஓம் மாமி, இல்லயாம்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ். அப்ப என்ட கோழிய ஆரு அடிச்ச?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உங்களுக்கும் இதே மாதிரி நல்ல செய்திதான் வரும். வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
நிஸ்மியா

அக்கா, இதை ஒட்டப்போகும்போது கற்பிட்டிப் படகில் உங்கள் கடிதம் வந்துவிட்டது. வாசித்தேன். இதை அனுப்ப மாட்டேன்.

*

சிலாபம்
04.04.2012

அன்பு நிஸ்மியாவுக்கு,

பேச்சின்படி நான்தான் முதல். தோற்றவள் எனக்குக் கட்டாக் கருவாடு தர வேண்டும்.

எனக்கு அதுதானடி. நெஞ்சு நடுவில் இருக்கிற கட்டி புற்றுத்தான் என்று சொல்லிவிட்டார்கள். மகரகமைப் புற்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேலைன் மாதிரி மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். ஒரு தரம் இல்லை, பல தரம். முடி போகுமாம், சாப்பாடு இறங்காதாம். அம்மா என்னைக் கண்டாலே அழுகிறா. அப்பாவை உனக்குத் தெரியும்தானே, பஸ்தியான் என்றால் மீன் சந்தையே பயப்படும். அவர் வலை பொத்துகிறேன் என்று முற்றத்தில் இருக்கிறார், ஊசியில் நூலே இல்லை.

நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மொட்டைத் தலையோடு கார்மெண்டுக்கு எப்படிப் போவது? சாகிறதென்றால் முடியோடு சாகிறேன் என்றேன். அம்மா வாயிலேயே ஒன்று போட்டா.

உனக்கு என்ன சொன்னார்கள்? ஒரு பாவத்தைச் சொல்கிறேன் கேள். உனக்கும் அதுவாக இருந்தால் நான் தனி இல்லை என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். பிறகு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடமும் கேட்கிறேன். ஆனால் மறைக்காமல் எழுது. உனக்கும் அதுவென்றால், நீ போகிறாய் என்றால், நானும் போகிறேன். பெயர் கேட்டாலே போர்வையால் மூடிக்கொள்கிற உனக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லாமல் போகுமா?

உன் பக்கத்துக் கட்டில்காரி,
ஜெசிந்தா

*

உச்சமுனை
12.04.2012

அன்புள்ள ஜெசி அக்காவுக்கு,

எனக்கும் அதுதான்.

நான் மருந்து எடுக்கப் போகிறேன். நீங்களும் போங்கள். கட்டாயம் போங்கள் அக்கா.

இதற்கு மேல் எழுத வரவில்லை. வாப்பா பாலாவிக்குப் போகும்போது சிலாபம் பஸ்ஸில் கருவாடு கொடுத்துவிடுவார்.

நிஸ்மியா

*

சிலாபம்
20.05.2012

அன்பு நிஸ்மியாவுக்கு,

கருவாடு வந்தது. சாப்பிட முடியவில்லை, மணந்து பார்த்தேன். அதுவும் ஒரு சாப்பாடுதான்.

மகரகமைக்குப் போனேன். முதல் மருந்து ஏற்றினார்கள். அதைப் பற்றி எழுதி உன்னைப் பயங்காட்ட மாட்டேன், உனக்கே தெரியும். ஊசி குத்த வந்த மிஸ், "பயமா?" என்று கேட்டா. "உச்சமுனையில் ஒரு சோனகப் பிள்ளை இருக்கிறாள் மிஸ், அவளுடைய குரலை நான் ஒரு கிழமைக்குப் பிறகுதான் கேட்டேன். அவளே போகிறாள், எனக்கென்ன பயம்?" என்றேன். இப்போது அந்த வார்டில் எல்லாருக்கும் உன்னைத் தெரியும். "உங்கட முஸ்லிம் நங்கி எப்படி?" என்று சொந்தத் தங்கச்சியைக் கேட்பது மாதிரிக் கேட்கிறார்கள்.

முடி போய்விட்டது. சீப்போடு கொத்தாக வந்தது. பிறகு அப்பாவே சவரக் கத்தியால் மழித்துவிட்டார். இரண்டு இடத்தில் கீறல். உனக்குப் போனதா? நீ மூடிக்கொண்டு திரியலாம், கொடுத்து வைத்தவள்.

உன்னை எந்த நாளில் வரச் சொல்கிறார்கள்? கேட்டு எழுது. ஒரே நாளாக மாற்றித் தரச் சொல்லி நான் மிஸ்ஸிடம் கெஞ்சுகிறேன். மறுபடியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

ஜெசி

*

உச்சமுனை
11.06.2012

அன்புள்ள ஜெசி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்குக் கோபிக்க வேண்டாம். எழுதி எழுதிக் கிழித்தேன்.

எனக்கு முதலில் குளிசைதானாம். அது சரிவராவிட்டால்தான் வேறு வழி பார்ப்பார்களாம். அதனால் மகரகமைக்கு வரவில்லை. பழைய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கே போகிறேன்.

முடி கொஞ்சம் கொட்டுகிறது.

நான் வெளியே போவதில்லை. கருவாடு புரட்டப் போவதும் வெயில் சாய்ந்து ஆட்கள் இல்லாத நேரம்தான். உம்மா ஏசுகிறார். "கூட்டுக்குள்ள இரிக்கிற புறா மாதிரி இரிக்கிறாய்" என்கிறார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோதும் இப்படித்தான் இருந்தேன். வகுப்பில் ரீச்சர் எழும்பிச் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் போய்வரப் படகு இல்லாமல்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

வார்டில் என்னைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். என்னைத் தைரியசாலி என்று எழுத வேண்டாம் அக்கா. தயவுசெய்து.

நிஸ்மியா

*

சிலாபம்
15.07.2012

அன்புத் தைரியசாலிக்கு,

எழுத வேண்டாம் என்றால் எழுதுவேன்.

மூன்றாவது மருந்தும் முடிந்தது. கட்டி சுருங்குகிறதாம். டொக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவர் சிரித்தார், அதுதான் விளங்கியது.

இப்போது முக்கியமான கதை. ஓகஸ்டில் தலவிலை அன்னம்மாள் திருநாளுக்கு வருகிறோம். உன் தீவிலிருந்து கொஞ்ச தூரம்தானே. அம்மா நேர்த்தி வைத்திருக்கிறா. இரண்டு மெழுகுதிரி, ஒன்று என் உயரம், மற்றது உன் உயரம். உன் உயரம் யாருக்கும் தெரியாது, நான் உன்னைப் படுத்தபடிதானே பார்த்தேன். கட்டிலில் உன் கால் எட்டின கம்பியை வைத்து ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறேன்.

திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் கோயில் கிணற்றடியில் இருப்பேன். உங்கள் கணக்கில் அசருக்குப் பிறகு. நோன்பு என்று தெரியும், தண்ணீர்கூடத் தர மாட்டேன். கண்ணால் பார்த்தால் போதும். கார்மெண்ட் பிள்ளைகள் தந்த துணியில் இரண்டு தொப்பி தைத்து வைத்திருக்கிறேன், ஒரே பூ.

வராமல் இருந்துவிடாதே.

ஜெசி

*

உச்சமுனை
08.08.2012

ஜெசி அக்காவுக்கு,

நான் வந்தேன்.

வாப்பா திருநாளுக்குக் கருவாட்டுக் கடை போடப் போனார். நானும் வருகிறேன் என்றதும் உம்மாவுக்குச் சந்தோஷம். ஷம்லா மச்சியிடம் முகம் மூடுகிற கறுப்புத் துணியை வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இது என்ன புதுசா?" என்று வாப்பா கேட்டார். தூசு என்றேன்.

நீங்கள் கிணற்றடியில் இருந்தீர்கள். பூப்போட்ட தொப்பி. கை இரண்டும் விறகு மாதிரி. மடியில் இன்னொரு தொப்பி. உங்கள் அம்மா பக்கத்தில் இரண்டு மெழுகுதிரியையும் பிடித்துக்கொண்டு இருந்தார். முக்காடு போட்ட பிள்ளை யார் போனாலும் நீங்கள் எழும்பிப் பார்த்தீர்கள். எழும்பும்போதெல்லாம் கிணற்றுக் கட்டைப் பிடித்தீர்கள். நான் கடலைக்காரனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பிறகு நீங்கள் என்னிடமே வந்தீர்கள். "நங்கி, உச்சமுனையால வந்த ஆக்கள் யாரையும் கண்டீங்களா? மெலிஞ்ச பிள்ளை, வருத்தக்காரப் பிள்ளை" என்று கேட்டீர்கள். வாயைத் திறந்தால் என் குரல் தெரிந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்று.

"பாவம், ஏலாமப் போயிருக்கும்" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அக்கா, எனக்குப் புற்றுநோய் இல்லை. ஒருநாளும் இருக்கவில்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். என்னுடையது வெறும் வீக்கம். காலையில் போடுகிற எட்டுக் குளிசைக்குக் கரைகிற கட்டி. தேசிக்காய் அளவில் இருந்தது ஜூன் மாதப் படத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. நீங்கள் போக மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இல்லை என்று எப்படி எழுதுவது? இரக்கப்பட்டு எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். வெட்கப்பட்டு எழுதினேன். ஒரே பந்தியில் இருந்து எனக்கு மட்டும் சோறு வந்த மாதிரி இருந்தது.

நான் மெலிந்த பிள்ளை இல்லை இப்போது. குளிசையால் முகம் பாண் மாதிரி ஊதிவிட்டது. கன்னத்துக்குள் கண் போய்விட்டது. வயிறும் முன்னுக்கு வந்துவிட்டது. நோன்பு தொடங்கின இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு ஹவ்வா மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மௌத்தாகப் போறண்டு ஊர அழ வெச்சா. இப்ப பாரு, புள்ளத்தாச்சி மாதிரி பூரிச்சி நிக்கிறா. நோன்புகூட புடிக்கல்லயாம்" என்று யாருக்கோ சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

அதற்குப் பிறகு நான் நோன்பு பிடித்தேன். டொக்டர் வேண்டாம் என்றிருந்தார். விடிய முந்திச் சஹருக்குச் சாப்பிட்டுவிட்டுக் குளிசை போடுகிறேன் என்று உம்மாவை நம்பவைத்தேன். போடவில்லை. முகம் வற்றட்டும் என்று எல்லாவற்றையும் களப்பில் போட்டேன். இப்போது படுக்கையால் எழும்பினால் கண் இருட்டுகிறது. சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளிக்கிறது. இருமலில் மறுபடியும் இரத்தம் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டி திரும்பி வந்தால் நான் உங்களுக்கு எழுதியது பொய்யாக இருக்காது என்றுகூட ஒரு தடவை நினைத்தேன்.

மாப்புக் கேட்க வாய் இல்லை. நீங்கள் அடுத்த மருந்துக்குப் போங்கள்.

நிஸ்மியா

*

சிலாபம்
17.08.2012

நிஸ்மியா,

உன் உயரத்துக்கு வாங்கின திரியை நான்தான் பற்றவைத்தேன். என்னுடையதற்கு முன்னால் உன்னுடையதை. அம்மா என் பெயரை விட்டுவிட்டு உன் பெயரைச் சொல்லி அழுதா. உனக்கு அது இல்லை என்பதை இப்போது நான் அவவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீ என்னிடம் பொய் சொன்னாய், நான் அவவிடம் சொல்கிறேன், கணக்குச் சரி.

அடுத்த கிழமை எனக்கு மருந்து. ஊசி குத்தும்போது யாரை நினைத்துக்கொண்டு கையை நீட்டுவது என்று நீயே சொல்.

எனக்குத் துணைக்குச் சாகிறவள் தேவையில்லையடி. நான் கேட்டது அப்படித்தான், எனக்கு ஞாபகம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால், "எனக்கு இல்லை அக்கா, நீங்கள் போங்கள்" என்று நீ எழுதியிருந்தால் ஒரு நாள் முழுக்க உன்னை வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். மறுநாள் பஸ் ஏறியிருப்பேன். பக்கத்தில் சுகமாக ஒருத்தி இருந்திருப்பாள். அது போதாதா? அந்தக் கிணற்றடியில் நீ ஊதின முகத்தைக் காட்டியிருந்தால் நான் அறைந்திருப்பேன், பிறகு அந்தக் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளியிருப்பேன். நீ தலையை ஆட்டினாய்.

குளிசையைத் தண்ணீரில் போட்ட இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். மற்றதைவிட அதற்குத்தான் எனக்குக் கோபம். எட்டுக் குளிசைக்குக் கரைகிற கட்டியை எனக்குத் தந்திருந்தால், முகம் பூசணிக்காய் அளவுக்கு ஊதினாலும் பஸ்ஸின் முன் சீற்றில் இருந்து சிலாபம் முழுக்கக் காட்டிக்கொண்டு போவேன்.

கிளினிக்குக்குப் போ. பெருநாள் முடியட்டும் என்று பார்க்காதே, போ.

போனாயா இல்லையா என்று எனக்கு எழுத வேண்டாம். வந்தால் வாசிக்க மாட்டேன்.

ஜெசிந்தா

*

உச்சமுனை
30.08.2012

ஜெசி அக்காவுக்கு,

வாசிக்க மாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் பெருநாளுக்கு அடுத்த நாள்தான் வந்தது. உம்மாவிடம் சொன்னேன். முதலில் அறைந்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "சஹருக்கு எழும்பி எழும்பி உனக்கெண்டு பால் காய்ச்சித் தந்தனே, வெறும் வயித்துல மருந்து புடிக்காதெண்டு" என்றார். அந்த அடி வலிக்கவில்லை, இதுதான்.

வாப்பா மறுநாளே கூட்டிக்கொண்டு போனார். பாலாவியில் பஸ் மாறும்போது நான் மயங்கி விழப் பார்த்தேன், ஒரு லொறிக்காரர் தண்ணீர் தந்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டொக்டர் ஜூன் மாதப் படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சத்தில் வைத்தார். நெல்லிக்காய் மறுபடியும் தேசிக்காய் ஆகியிருந்தது. மருந்து கேட்கவில்லையா, இல்லை இது வேறு ஏதாவதா, மறுபடியும் ஊசியால் குத்திப் பார்ப்பதா, வெட்டி எடுப்பதா என்று பக்கத்தில் நின்ற சின்ன டொக்டருடன் கதைத்தார். எனக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும்.

வாப்பா, "நோன்பு டொக்டர், அதால கொஞ்சம்..." என்று தொடங்கினார்.

"நோன்பால இல்ல வாப்பா" என்றேன். பிறகு டொக்டரைப் பார்த்து எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நான் குளிசை போடவில்லை. முகம் ஊதியதற்கு வெட்கப்பட்டு நானே எறிந்தேன். அறைக்குள் பத்துப் பேராவது இருந்தார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

டொக்டர் கத்தவில்லை. மிஸ்ஸைக் கூப்பிட்டு எனக்கு விளங்கும்படி சொல்லச் சொன்னார். இந்தக் குளிசையைச் சட்டென்று நிறுத்தினால் கட்டி கொல்வதற்கு முந்தி மயக்கமே கொன்றுவிடுமாம். வந்தது என் நல்ல காலமாம். மறுபடியும் எட்டிலிருந்து தொடங்க வேண்டும். கரைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்டுவதைப் பற்றி யோசிப்பார்களாம். முகம் இன்னும் ஊதும், குளிசையைக் குறைக்கக் குறைக்க வற்றும் என்றார். ஓம் என்றேன்.

வாப்பா மருந்து எடுக்க வரிசையில் நின்றார். நான் வெளியில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த நீள வாங்கில் இருந்தேன். பக்கத்தில் ஒரு பொம்பிளை, உம்மாவின் வயது இருக்கும், மன்னாரால் வந்து பாலாவிப் பக்கம் இருக்கிறவராம். மடியில் பெரிய படக் கவர். கூட யாரும் இல்லை. என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் அரக்கி இடம் தந்தார்.

"மகளுக்கும் நெஞ்சுலயா?"

"ஓம்."

"எனக்கு இன்டைக்குத்தான் முடிவு சொல்றாங்க. அதுவாத்தான் இரிக்கும் எண்டு மனசு செல்லுது." என் கையைப் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த கை. "மகளுக்கும் அதுதானா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும் அக்கா. ஓம் என்றால் அந்தக் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

"இல்ல மாமி, எனக்கு அது இல்ல" என்றேன். "இது வீக்கம். குளிசைக்குக் கரையும். முகம் ஊதினதும் அந்தக் குளிசையாலதான்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "மாஷா அல்லாஹ்" என்றுவிட்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. எழும்பி வாப்பாவிடம் போய்விடலாம் போல இருந்தது.

போகவில்லை. அவருடைய பெயரைக் கூப்பிடும் வரைக்கும் அந்த வாங்கிலேயே இருந்தேன். கூப்பிட்டதும் அவர் எழும்ப முடியாமல் கவரைக் கீழே போட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு அவருடன் உள்ளே போனேன்.

நிஸ்மியா